பயந்து ஜெயித்த கம்ப்யூட்டர் மேதை

கம்ப்யூட்டரைக் கண்டு பயந்தவர்கள் பலர் உண்டு. ஆனால் கம்ப்யூட்டருக்கு வேலை சொல்லிக் கொடுப்பதையே பிழைப்பாகக் கொண்ட ஒருவர், பின்னாளில் அந்தத் துறையின் மிகப் பெரிய பரிசைப் பெற்றவர், ஒரு புதிய எந்திரத்தில் சேர்க்க இருந்த ஒரே ஒரு அமைப்பைக் கண்டு குலைநடுங்கிப் போனார்.

அவர் பெயர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. நெதர்லாந்து நாட்டுக்காரர். அவர் பயந்தது 1957-ம் ஆண்டு வாக்கில். அது வீண் பயம் அல்ல என்பது பிறகு தெரிந்தது. இன்று வீட்டுக்கு வீடு இருக்கும் செல்போனுக்குள்ளும் அதே ஆபத்து ஒளிந்து கொண்டுதான் இருக்கிறது.

டைக்ஸ்ட்ரா 1930-ம் ஆண்டு மே மாதம் 11-ந்தேதி ராட்டர்டாம் என்ற துறைமுகப் பட்டணத்தில் பிறந்தார். தகப்பனார் பள்ளிக்கூடத்தில் ரசாயனம் கற்பித்தவர். தாயார் கணிதம் படித்தவர். ஆனால் உத்தியோகத்துக்குப் போகவில்லை. ஒரு கணக்கு ஐந்து வரிக்கு மேல் நீண்டால் வழி தவறிவிட்டது என்று அர்த்தம் என்பது அந்த அம்மாளின் கொள்கை. பிள்ளை அதைச் சாகும்வரை விடவில்லை.

சிறுவனுக்குப் பத்து வயது நிறைந்த மூன்றாம் நாள், ஜெர்மன் விமானங்கள் குண்டு வீசி ராட்டர்டாமின் நடுப்பகுதியைத் தரைமட்டமாக்கின. சண்டையும் பஞ்சமுமாக ஐந்து வருஷம் போயிற்று. பையன் முதலில் சட்டம் படித்து, ஐக்கிய நாடுகள் சபையில் தன் நாட்டுக்காகப் பேச ஆசைப்பட்டான். பள்ளி இறுதியில் கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் வாங்கிய மார்க்கு அந்த ஆசையை மாற்றிவிட்டது. லைடன் சர்வகலாசாலையில் சேர்ந்து பௌதிகம் படித்தார்.

1951-ல் இங்கிலாந்தில், கேம்பிரிட்ஜ் நகரில், கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதும் கலை பற்றி மூன்று வார வகுப்பு நடந்தது. அறிவிப்பைப் பார்த்த தகப்பனார் மகனை அனுப்பி வைத்தார். போய் வந்தவருக்கு மறு ஆண்டே ஆம்ஸ்டர்டாம் கணித மையத்தில் வேலை கிடைத்தது. நெதர்லாந்தில் இந்த வேலைக்கென்று நியமனம் பெற்ற முதல் மனிதர் அவர்தான்.

பெருமைதான். ஆனால் அந்தக் காலத்தில் இதை ஒரு தொழில் என்றே யாரும் மதிக்கவில்லை. அவருக்கே சந்தேகம். பௌதிகத்துக்குத் திரும்பிவிடலாமா என்று மேலதிகாரி வான் வைங்கார்டனிடம் யோசனை கேட்டார். கம்ப்யூட்டர்கள் இனிமேல் போகப்போவதில்லை, இந்த வேலையை மதிப்புள்ள ஒரு படிப்பாக ஆக்குகிறவர் நீயாகவே ஏன் இருக்கக்கூடாது என்று அவர் கேட்டார். இளைஞர் தங்கிவிட்டார்.

1957-ல் அவருக்குக் கல்யாணம் நடந்தது. மணப்பெண் ரியா அதே அலுவலகத்தில் வேலை பார்த்தவர். கல்யாணத்தைப் பதிவு செய்யப் போன இடத்தில், என்ன தொழில் என்று கேட்டார்கள். புரோகிராமர் என்றார் மாப்பிள்ளை. அப்படி ஒரு தொழிலே கிடையாது என்று ஆம்ஸ்டர்டாம் நகர அதிகாரிகள் எழுத மறுத்துவிட்டார்கள். கடைசியில் பௌதிக விஞ்ஞானி என்று பதிவாயிற்று!

இதற்கு ஒரு வருஷம் முன்னால், 1956-ல், ரியாவோடு கடைவீதிக்குப் போனவர், களைப்பாக இருந்ததால் ஒரு காப்பிக்கடையில் உட்கார்ந்தார். பல ஊர்களும் பல சாலைகளும் இருக்கும்போது, ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு மிகக் குறுகிய வழி எது என்று கண்டுபிடிக்கும் முறை அங்கே அவருக்குத் தோன்றியது. பேப்பர் இல்லை, பென்சில் இல்லை, இருபதே நிமிஷம். அதை 1959-ல் வெளியிட்டார். திருப்பூரிலிருந்து சரக்கு ஏற்றிக்கொண்டு தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் புறப்படும் லாரி டிரைவர், செல்போனில் வழி பார்க்கிறார் அல்லவா? அந்த வழிகாட்டி முறைகளுக்கு மூலவேர் அந்தக் காப்பிக்கடைக் கணக்குத்தான். உலகம் அவரை அதிகம் அறிந்தது இதனால். ஆனால் அவர் தூக்கத்தைக் கெடுத்த கணக்கு வேறு.

மணி அடித்தால் ஆபத்து

கணித மையத்தில் எந்திரங்களைக் கட்டியவர்கள் லூப்ஸ்ட்ரா, ஸ்கோல்டன் என்ற இரண்டு நண்பர்கள். எந்திரம் எப்படி நடக்க வேண்டும் என்ற விவரத்தை டைக்ஸ்ட்ரா முன்கூட்டியே எழுதி விடுவார். அந்த எழுத்து இரு தரப்புக்கும் ஒப்பந்தப் பத்திரம் மாதிரி. அதைப் பார்த்து அவர்கள் எந்திரம் கட்டுவார்கள். அதைப் பார்த்தே இவர் கட்டளைகள் எழுதுவார்.

அடுத்து எக்ஸ்-1 என்ற எந்திரம் கட்ட ஏற்பாடாயிற்று. அதில் ஒரு புதுமை சேர்க்கலாம் என்றார்கள் நண்பர்கள். கம்ப்யூட்டர் கணக்குப் போடுவது மின்னல் வேகம். விடையை அடிக்கும் டைப்ரைட்டரோ மாட்டுவண்டி. ஓர் எழுத்து அடித்து முடியும்வரை கம்ப்யூட்டர் சும்மா காத்துக் கிடந்தது. அதற்குப் பதிலாக, கம்ப்யூட்டர் தன் பாட்டுக்கு வேறு வேலை செய்யட்டும். டைப்ரைட்டர் தயாரானதும் மணி அடிப்பதுபோல் ஒரு சைகை கொடுக்கட்டும். உடனே கையில் இருந்த வேலையை நிறுத்தி, டைப்ரைட்டரைக் கவனித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து பழைய வேலையைத் தொடரட்டும். இதுதான் யோசனை. இதற்கு இன்டரப்ட், அதாவது குறுக்கீடு என்று பெயர்.

கேட்பதற்கு எவ்வளவு நன்றாக இருக்கிறது! டைக்ஸ்ட்ராவுக்கோ பயத்தில் வியர்த்துவிட்டது.

காரணத்தைப் புரிந்துகொள்ள ஆம்ஸ்டர்டாம் போக வேண்டாம். திருப்பூர் வீரபாண்டிப் பக்கம் உள்ள ஒரு பனியன் கம்பெனியின் பேக்கிங் மேஜையை நினைத்துப் பார்த்தால் போதும்.

ஓர் அம்மாள் பனியன்களுக்கு அளவு ஸ்டிக்கர் ஒட்டிப் பெட்டியில் அடுக்குகிறார். மேஜை மீது 85 என்ற ஸ்டிக்கர் சுருள் இருக்கிறது. எத்தனை உருப்படி முடிந்தது என்ற எண்ணிக்கை மனதில் இருக்கிறது. நடுவில் சூப்பர்வைசர் ஓடி வருகிறார். வேறொரு ஆர்டர் அவசரம், இந்தப் பத்து உருப்படியை மட்டும் முடித்துக் கொடுங்கள் என்கிறார். அம்மாள் 85-ம் எண் சுருளை எடுத்து வைத்துவிட்டு 90-ம் எண் சுருளை மேஜையில் வைக்கிறார். பத்தையும் முடிக்கிறார். பழைய வேலைக்குத் திரும்புகிறார். சுருளை மாற்ற மறந்துவிடுகிறார்.

அவ்வளவுதான். 85 அளவுப் பனியன் எல்லாவற்றிலும் 90 என்று ஏறுகிறது. பெட்டி அழகாகத்தான் இருக்கும். எண்ணிக்கை சரியாகத்தான் இருக்கும். தப்பு வெளியே வருவது எங்கே? பல நாள் கழித்து, கடல் தாண்டி, ஏதோ ஒரு கடையில். அப்போது யார், எந்த மேஜையில், எந்த நிமிஷத்தில் செய்தது என்று யாரால் கண்டுபிடிக்க முடியும்?

கம்ப்யூட்டருக்குள்ளும் அப்படியே. கையில் எடுத்த எண்களை வைக்க மேஜை போல் சில இடங்கள் உண்டு. அவற்றுக்கு ரிஜிஸ்டர் என்று பெயர். எண்ணிட்ட அலமாரிகள் நிறைந்த கிடங்கு போல ஒரு பெரிய நினைவகமும் உண்டு. மணி அடித்ததும் வருகிற வேலை, மேஜையில் இருந்ததை எடுத்து வைத்து, போகும்போது அப்படியே திருப்பி வைக்க வேண்டும். ஒன்றே ஒன்று மாறினாலும் பழைய வேலை தப்பான அலமாரிக்குப் போய், அங்கே இருந்த நல்ல சரக்கின் மேல் தன் சரக்கைக் கொட்டிவிடும். நினைவகம் கெட்டுப் போகும். கெடுத்தவன் ஒருவன், அகப்பட்டுக்கொள்பவன் இன்னொருவன்.

இதிலே கொடுமை என்னவென்றால், மணி எப்போது அடிக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஆயிரம் தரம் எல்லாம் சரியாக நடக்கும். ஆயிரத்தோராவது தரம், இரண்டு கட்டளைகளுக்கு நடுவே உள்ள ஒரு குறிப்பிட்ட இடைவெளியில் மணி அடித்தால் மட்டும் விபரீதம் நடக்கும். மறுபடி நடத்திப் பார்த்தால் தப்பு வராது. எழுதினவர் எந்திரத்தைக் குறை சொல்வார். எந்திரம் கட்டினவர் எழுதினவரைக் குறை சொல்வார். தன்னுடைய தப்பு எந்திரத்தின் கோளாறு போல வேஷம் போடும் என்பதுதான் டைக்ஸ்ட்ராவை உலுக்கியது.

நண்பர்கள் விடவில்லை. உம்மைப் போன்ற கெட்டிக்காரரால் முடியாதா என்று புகழ்ந்து புகழ்ந்தே வழிக்குக் கொண்டுவந்தார்கள். புகழ்ச்சிக்கு மயங்கினாலும் மனிதர் புத்தியை அடகு வைக்கவில்லை. அவர்கள் காட்டிய திட்டத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். எந்த நேரத்தில் மணி அடித்தாலும், மேஜையில் இருந்த அத்தனையையும் பத்திரப்படுத்தி, ஒன்றுமே நடக்காதது போலத் திருப்பி வைக்க முடியுமா என்று காகிதத்தில் நிரூபிக்கப் பார்த்தார்.

முடியாது என்று நிரூபணமாயிற்று!

தப்பு வரக்கூடிய சந்தர்ப்பம் மிக மிக அபூர்வம்தான். பரீட்சை செய்து பார்த்திருந்தால் ஒருவேளை அகப்பட்டே இருக்காது. ஆனால் யோசனைக்கு அகப்பட்டது. லூப்ஸ்ட்ராவும் ஸ்கோல்டனும் தங்கள் திட்டத்தை மாற்றினார்கள். எந்திரம் முழுசாக உருவாகும் முன்பே, அதில் குடிபுக இருந்த பிழை வெளியேறியது. இந்த வேலைகளை வைத்தே டைக்ஸ்ட்ரா 1959-ல் டாக்டர் பட்டம் பெற்றார். அதற்குப் பிறகும் பல ஆண்டுகள், பெரிய கம்பெனிகள் விற்ற புதுப்புது எந்திரங்களில் இதே மாதிரி ஓட்டைகளை அவர் கண்டு சொல்லிக்கொண்டே இருந்தார்.

தாடியும் கைகாட்டியும்

1960-ல் அவரும் ஜோன்வெல்டு என்ற நண்பரும் ஆல்கால்-60 என்ற கம்ப்யூட்டர் பாஷைக்கு மொழிபெயர்ப்புக் கட்டளை எழுதினார்கள். மனிதர் எழுதுவதை எந்திரம் புரிந்துகொள்ளும்படி மாற்றிக் கொடுப்பது அதன் வேலை. அது முடியும்வரை முகச்சவரம் செய்வதில்லை என்று இருவரும் சபதம் செய்துகொண்டார்கள். ஆகஸ்டில் வேலை முடிந்தது. ஜோன்வெல்டு தாடியை எடுத்துவிட்டார். டைக்ஸ்ட்ராவுக்குத் தாடி பிடித்துப் போய்விட்டது. கடைசிவரை வைத்திருந்தார்.

1962-ல் ஐண்ட்ஹோவன் நகரத் தொழில்நுட்பக் கல்லூரிக்குப் பேராசிரியராகப் போனார். அங்கே ஆறு பேர் கொண்ட சிறு குழு, எக்ஸ்-8 என்ற எந்திரத்துக்கு ஒரு நிர்வாகக் கட்டளைத் தொகுதி எழுதியது. எந்த வேலைக்கு எவ்வளவு இடம், எவ்வளவு நேரம் என்று பங்கிட்டுக் கொடுப்பது இது. ஒரே நேரத்தில் பல வேலைகள் உள்ளே ஓடும். இரண்டு வேலைகள் ஒரே அலமாரியில் ஒரே சமயத்தில் கை வைத்தால் என்ன ஆகும்? இதற்கு அவர் ரயில்வேயிடம் கடன் வாங்கினார். ஒற்றைத் தண்டவாளத்தில் ஒரு ரயில் போகும்போது, கைகாட்டி இறங்கும்வரை அடுத்த ரயில் நிற்கிறது அல்லவா? அதே கைகாட்டியைக் கம்ப்யூட்டருக்குள் நட்டார். பேரும் அதுவே: செமபோர், அதாவது கைகாட்டி. உலகத்துக் கம்ப்யூட்டர்களில் எல்லாம் இன்றும் அந்தக் கைகாட்டி ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது.

அந்தத் தொகுதி பற்றி 1968-ல் அவர் எழுதிய அறிக்கையில் ஒரு கணக்கு இருக்கிறது. பரீட்சையின்போது கிடைத்த பிழைகள் 500 கட்டளைக்கு ஒன்று வீதம்தான். எல்லாம் அற்பப் பிழைகள். ஒவ்வொன்றையும் கண்டுபிடிக்கப் பத்து நிமிஷத்துக்கு மேல் ஆகவில்லை. மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக் கொள்ளும் இன்றைய என்ஜினீயர்கள் இதைப் படித்துப் பெருமூச்சு விடுவார்கள். ஆனால் அந்த அறிக்கையில் அவர் தாம் செய்த இரண்டு பெரிய தவறுகளையும் மறைக்காமல் எழுதி வைத்தார். இது எல்லோருக்கும் வருகிற குணம் அல்ல.

இன்றைய பூதம்

1991-ல் லினக்ஸ் என்ற நிர்வாகக் கட்டளைத் தொகுதி வெளிவந்தது. ஆண்ட்ராய்டு செல்போன்களுக்குள் இருப்பது இதுதான். இந்த மாதிரித் தொகுதியின் கருவுக்குக் கெர்னல் என்று பெயர். அது பெரும்பாலும் சி என்ற பாஷையில் எழுதப்பட்டது. கம்பைலர் என்ற மொழிபெயர்ப்பாளர் அதை எந்திரத்துக்குச் சொல்லும். மேஜையில் எந்தச் சுருளை எங்கே வைப்பது என்று தீர்மானிப்பதும் அதுவே.

ஆனால் சில வேலைகளை அந்தப் பாஷையில் சொல்ல முடியாது. எந்திரத்தின் சொந்தப் பேச்சிலேயே சொல்ல வேண்டும். அதற்காக இரண்டொரு எந்திர வரிகளை நடுவில் செருகுவார்கள். இன்லைன் அசெம்பிளி என்பது அதன் பெயர். செருகுகிற வரிகளோடு ஒரு பட்டியலும் கொடுக்க வேண்டும்: எதை எதை எடுக்கிறேன், மேஜையில் எதை எதைக் கலைக்கிறேன், கிடங்கைத் தொடுகிறேனா இல்லையா என்று.

ஜிசிசி என்ற பிரபலமான கம்பைலர் அந்த எந்திர வரிகளுக்கு அர்த்தம் என்ன என்று பார்ப்பதே இல்லை. பட்டியலை மட்டும் நம்பும். பட்டியலில் ஒரு பெயர் விட்டுப் போனால், அந்தச் சுருள் வைத்த இடத்தில் இருக்கிறது என்றே நினைத்துக்கொள்ளும். பிறகு நடப்பது பேக்கிங் மேஜைக் கதைதான். கிடங்கைத் தொட்டதைச் சொல்லாவிட்டாலும் அதே கதி. பழைய எண்ணிக்கையை மனதில் வைத்துக்கொண்டு மேலே மேலே கணக்கெழுதும். சாதாரண வேலையில் இப்படி நடந்தால் அந்த வேலை மட்டும் கெடும். கெர்னலில் நடந்தால், கெர்னலுக்கு எல்லா அலமாரியும் திறந்திருப்பதால், யார் வீட்டுச் சரக்கு வேண்டுமானாலும் பாழாகலாம்.

பல மாதம் ஒன்றும் தெரியாது. கம்பைலர் அந்த இடத்தில் அந்த ரிஜிஸ்டரை உபயோகிக்காதவரை அதிர்ஷ்டம் காப்பாற்றும். கம்பைலரின் புதுப் பதிப்பு வந்து, அது ஏற்பாட்டைச் சற்று மாற்றியதும் எந்திரம் திடீர் திடீரென்று விழும். நினைவகச் சில்லு பழுது என்று நினைத்துப் புதிது வாங்கி மாட்டுவார்கள். மறுபடி விழும். என்ன நடக்கிறது என்று பார்க்க ஒரு வரி சேர்த்தால், மேஜை ஏற்பாடே மாறி, தப்பு மறைந்து போகும். அந்த வரியை எடுத்தால் மீண்டும் வரும். பேய் பிடித்தது போல!

இந்தப் பேயை ஓட்ட ஒரே வழிதான். கம்பைலர் எழுதிக் கொடுத்த எந்திர வரிகளை விரித்து வைத்துக்கொண்டு, செருகிய வரி ஒவ்வொன்றும் எதைத் தொடுகிறது, பட்டியல் என்ன சொல்கிறது என்று விரல் வைத்துப் பார்க்க வேண்டும். டைக்ஸ்ட்ரா எக்ஸ்-1 திட்டத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்த மாதிரி. விட்டுப்போன பெயர் கண்ணில் படும். அதைச் சேர்த்தால் முடிந்தது. தேடியது பல வாரமாக இருக்கும். திருத்தியது ஒரே வார்த்தையாக இருக்கும். செருகல் இல்லாமலே செய்யக்கூடிய வேலையானால், செருகலை எடுத்தே எறிந்துவிடுவது இன்னும் உத்தமம்.

பேனா மனிதர்

டைக்ஸ்ட்ராவுக்கு 1972-ம் ஆண்டின் டூரிங் பரிசு கிடைத்தது. கம்ப்யூட்டர் துறையில் இதைவிடப் பெரிய பரிசு கிடையாது. 1984-ல் அமெரிக்காவில், ஆஸ்டின் நகரிலுள்ள டெக்சாஸ் சர்வகலாசாலைக்குப் போய், 1999 வரை பாடம் சொன்னார். பேச்சில் காரம் அதிகம். பிடிக்காததை முகத்துக்கு நேரே சொல்வார். அதனால் விரோதிகளும் உண்டு. அவர்களில் சிலருடைய கோபம் நியாயமானதுதான். பியானோ வாசிப்பார். விடுமுறையில் மனைவியோடு வேனில் ஏறிக் காடு மலை பார்க்கப் போவார். அந்த வேனுக்கு, கணித மேதை டூரிங்கின் பெயரையும் சுற்றுலாவையும் சிலேடையாக்கி டூரிங் மெஷின் என்று பெயர் வைத்திருந்தார்.

ஆச்சரியம் என்னவென்றால், இத்தனை பெரிய கம்ப்யூட்டர் மேதை வெகுகாலம் சொந்தமாகக் கம்ப்யூட்டர் வைத்துக்கொள்ளவே இல்லை. முதலில் தலையில் முடிக்க வேண்டும், பிறகுதான் காகிதம் என்பது அவர் பழக்கம். நினைத்ததை மையூற்றும் பேனாவால் அச்சு போன்ற கையெழுத்தில் எழுதி, நகல் எடுத்து நண்பர்களுக்குத் தபாலில் அனுப்புவார். அவர்கள் நகல் எடுத்து மற்றவர்களுக்கு அனுப்புவார்கள். இப்படி 1,300-க்கும் மேற்பட்ட கட்டுரைகள் உலகம் சுற்றின. நண்பர்கள் வற்புறுத்திய பிறகு ஒரு மெக்கின்டாஷ் கம்ப்யூட்டர் வாங்கினார். அதையும் கடிதப் போக்குவரத்துக்கும், செய்தி பார்க்கவும்தான் உபயோகித்தார்.

புற்றுநோய் கண்டது. 2002-ல் மனைவியோடு தாய்நாட்டுக்கே திரும்பினார். ஐண்ட்ஹோவன் அருகே நூனன் என்ற சிற்றூரில் அவர்களுக்குப் பழைய வீடு இருந்தது. அந்த வீட்டில் ஆகஸ்டு மாதம் 6-ந்தேதி காலமானார். வயது 72. பேனாவால் எழுதிய அந்தக் காகிதங்கள் டெக்சாஸ் சர்வகலாசாலையின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஒவ்வொன்றின் தலையிலும் அவருடைய பெயரின் மூன்று முதல் எழுத்துகளும், ஒரு வரிசை எண்ணும் உண்டு.